கிளவுட்டா, கந்தோருக்குள் பெட்டியா? வன்னியில் சிறு நிறுவனக் கோப்புகளுக்கான தெரிவுகள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஏ9 வீதியோரம் இருக்கும் சிறு நிறுவனம் ஒன்றுக்குள் போனால், கோப்புகள் இருக்கும் இடம் பெரும்பாலும் முகாமையாளரின் மேசைக்குக் கீழே கிடக்கும் பழைய கொம்பியூட்டரின் டி டிரைவாகத்தான் இருக்கும். அதை எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டு ‘சேர்வர்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். வெளிவேலையில் நிற்பவருக்கு ஏதும் தேவைப்பட்டால் வட்ஸ்அப்பில் போகும். கொழும்புக்குப் போகவேண்டியது பென் டிரைவில் போகும். வன்தட்டு எத்தனை வருடப் பழசு என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதைக் கிளவுட்டுக்கு, அதாவது இணையம் வழியாகத் திறக்கும் கம்பனிச் சேமிப்புக்கு, மாற்றவேண்டும் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் கேட்பது “கூகிள் நல்லதா, மைக்ரோசொஃப்ட் நல்லதா?” என்றுதான். வன்னியில் அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. உங்கள் இணைப்பு மணித்தியாலத்துக்கு எவ்வளவை மேலே ஏற்றும் என்பது முதலாவது. லைன் இல்லாத நாளில் எந்தக் கோப்பு கட்டாயம் திறக்கவேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்தக் கம்பனி என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் இரண்டு அளவு

சேர்வர் கொம்பியூட்டரில் பகிர்ந்த கோப்புறையை வலது கிளிக் செய்து, மொத்த அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டும் வேண்டும். 50 ஜிபி கொண்ட பத்து வீடியோவை ஏற்றுவது சுலபம். அதே 50 ஜிபி ஒரு இலட்சம் சின்னக் கோப்புகளாக இருந்தால் பல மடங்கு நேரம் எடுக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகப் பேசி முடிக்கவேண்டியிருப்பதால், வேகமான இணைப்பிலும் அது இழுபடும்.

அடுத்தது அப்லோட் வேகம். காலை 10 மணிக்கு ஒருமுறை, பிற்பகல் 3 மணிக்கு ஒருமுறை, இரவு 11 மணிக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று நாள் அளக்கவேண்டும். டவுன்லோட் இலக்கத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். 4ஜி இணைப்பில் கீழே 30 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வரும், மேலே 4 போகும். பின்னேரம் டவரில் ஆட்கள் கூடியதும் அதுவும் 2 ஆகும்.

கணக்கு இலகு. 1 எம்பிபிஎஸ் அப்லோட் மணித்தியாலத்துக்கு 450 எம்பி ஏற்றும். அது புத்தகக் கணக்கு. நடைமுறையில் அதில் 80 வீதம் கிடைத்தால் போதும் என்று இருங்கள். 400 ஜிபி வைத்திருக்கும் கந்தோர் 5 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏற்றினால், புத்தகக் கணக்கிலேயே 178 மணித்தியாலம். பகலில் வேலை நடப்பதால் இரவில் எட்டு மணித்தியாலம்தான் விடலாம் என்றால் 22 இரவு, நடைமுறையில் 28. அதே 400 ஜிபி 20 எம்பிபிஎஸ் பைபரில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

இது முதல்முறை ஏற்றத்துக்கு மட்டும். தினசரி வேலை இன்னொரு கணக்கு. நில அளவைக் கந்தோர் ஒன்று ட்ரோன் பறக்கவிட்டு ஒரு நாளில் 3 ஜிபி படம் கொண்டுவந்தால், 5 எம்பிபிஎஸ்ஸில் அது மேலே போக 80 நிமிடம். அந்த நேரம் முழுக்க அப்லோட் பாதை நிரம்பியிருப்பதால், மற்றவர்களின் மின்னஞ்சலும் வீடியோ அழைப்பும் திக்கித் திணறும். கீழே வரும் வேகம் நன்றாக இருக்கும்போதே ‘நெட் ஸ்லோ’ என்று கந்தோரில் சத்தம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பைபர் வாசலுக்கு வந்திருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதை எடுங்கள். செப்புக் கம்பி இணைப்பில் மின்னல் ரவுட்டர் வரை வரும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பைபர் இல்லாத உட்பகுதிகளுக்கு, நெடுங்கேணிப் பக்கமோ துணுக்காய்ப் பக்கமோ, 4ஜி ஒன்றுதான் வழியாக இருந்தது. 2025 ஜூலையில், செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியபின் இரண்டாவது வழி வந்திருக்கிறது. கருவிக்கும் மாதக் கட்டணத்துக்கும் 4ஜியை விடக் கூடக் கொடுக்கவேண்டும். அதன் வழமையான அலைவாங்கித் தட்டுக்கு 75 முதல் 100 வொட் வரை மின்சாரம் வேண்டும் என்பதால் சின்ன யூபிஎஸ்ஸில் நெடுநேரம் ஓடாது. மாரியில் கொட்டுமழை நேரம் சற்றுத் தடங்கும்.

பக்கேஜையும் பாருங்கள். பல பக்கேஜ்களில் பகல் டேட்டா வேறு, இரவு டேட்டா வேறு. 400 ஜிபியைப் பகலில் ஏற்றத் தொடங்கி மாதம் 6ஆம் திகதியே டேட்டாவை முடித்துவிட்டு, மிச்ச 24 நாளும் ஊர்ந்துகொண்டிருக்கும் கந்தோர்கள் உண்டு.

முழுக் கிளவுட்: கூகிளும் மைக்ரோசொஃப்டும்

கணக்கு அலுவலகம், நொத்தாரிசுக் கந்தோர், காப்புறுதி முகவர், கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றில் உள்ளவை பெரும்பாலும் வேர்ட், எக்செல், ஸ்கான் செய்த பிடிஎஃப்தான். மொத்தம் 100 ஜிபியைத் தாண்டாது. இவர்களுக்கு முழுக் கிளவுட் பொருந்தும். மல்லாவியில் ஒரு கிளை, முழங்காவிலில் ஒரு கிளை, தலைமைக் கந்தோர் கிளிநொச்சியில் என்று இருந்தால் இன்னும் பொருந்தும்.

கூகிள் வேர்க்ஸ்பேஸில் 2025 அமெரிக்கப் பட்டியல் விலை, ஆண்டு ஒப்பந்தத்தில், ஆளுக்கு மாதம் 7 டொலர் ஸ்டார்ட்டருக்கு, 14 டொலர் ஸ்டாண்டர்டுக்கு. ஸ்டார்ட்டரில் ஆளுக்கு 30 ஜிபிதான், மின்னஞ்சலும் அதற்குள்ளே. ஸ்டாண்டர்டில் ஆளுக்கு 2 டிபி, எல்லோருடையதும் ஒரு குளத்தில் சேரும். மூன்று பேருக்கு ஸ்டாண்டர்ட் எடுத்தால் 42 டொலருக்கு 6 டிபி பொதுவாகக் கிடைக்கிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் எட்டுப் பேருக்கும் கணக்கு வேண்டும் என்றில்லை. கோப்பைத் திருத்துகிறவர்களுக்குக் கணக்கு, பார்க்க மட்டும் வேண்டிய வெளிவேலைக்காரருக்குப் பகிர்ந்த இணைப்பு என்று பிரித்தால் செலவு பாதியாகும்.

மைக்ரோசொஃப்ட் 365 பிசினஸ் பேசிக் அதே ஆண்டில் ஆளுக்கு 6 டொலர். ஆளுக்கு 1 டிபி ஒன்ட்ரைவ் தனியாக உண்டு. ஆனால் கந்தோருக்குப் பொதுவான இடம் ஷெயார்பொயின்ட், அது முழு நிறுவனத்துக்கும் 1 டிபி, அதோடு ஒவ்வொரு கணக்குக்கும் 10 ஜிபி. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு ஜிபிக்கு மாதம் ஏறக்குறைய 20 அமெரிக்கச் சதம். இன்னொரு டிபி என்றால் மாதம் 200 டொலர். விலைப்பட்டியலைப் பார்த்து மைக்ரோசொஃப்ட் மலிவு என்று எடுத்தவர்கள் இரண்டாம் வருடத்தில் மாட்டுவது இங்கேதான். இன்னொரு பொறியும் இருக்கிறது. ஷெயார்பொயின்ட் வழமையான அமைப்பில் ஒரு கோப்பின் 500 பழைய பதிப்புகள் வரை சேமிக்கும், ஒவ்வொன்றும் முழு அளவில் கணக்கில் ஏறும். 30 எம்பி வரைபடத்தை நூறுமுறை சேமித்தால் 3 ஜிபி போய்விட்டது. பதிப்பு எல்லையை முதல் நாளே குறைத்துவிடுங்கள், 100 தாராளம்.

அப்படியானால் மைக்ரோசொஃப்டை ஏன் எடுக்கவேண்டும்? எக்செல். பெரிய சூத்திரங்களும் மக்ரோ எனப்படும் தானியங்கிக் கட்டளைகளும் உள்ள எக்செல் கோப்பைக் கூகிள் ஷீட்ஸ் சரியாகத் திறக்காது. கணக்காளர் கந்தோருக்கு அந்த ஒரு காரணமே போதும். ஒரே கோப்பை இரண்டு பேர் ஒருசேரத் திறந்து வேலை செய்வதும் அங்கே ஒழுங்காக நடக்கும். ஆனால் பேசிக்கில் கொம்பியூட்டரில் நிறுவும் ஒஃபிஸ் இல்லை, பிரவுசரிலும் போனிலும்தான். ஏற்கெனவே வாங்கிய ஒஃபிஸ் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஸ்டாண்டர்ட், 2025இல் 12.50 டொலர்.

மின்வெட்டு வந்து லைனும் போனால் என்ன நடக்கும் என்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கோப்புகள் கொம்பியூட்டரில் தெரியும், ஆனால் பெரும்பாலானவை வெறும் பெயர்கள்தான். திறந்தால்தான் கீழே இறங்கும். நடப்பு வருடக் கோப்புறையை வலது கிளிக் செய்து எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திருக்கும்படி குறித்தால் லைன் இல்லாமலும் வேலை செய்யலாம். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறகு ஒரு நாள் லைன் போனதும் “கிளவுட்டில் கோப்பு காணாமல் போய்விட்டது” என்பார்கள்.

விண்டோஸ் 7 கொம்பியூட்டர் இன்னும் வைத்திருக்கிறவர்கள் கவனிக்கவேண்டும்: கொம்பியூட்டரிலும் கிளவுட்டிலும் கோப்பை ஒன்றாக வைத்திருக்கும் ஒத்திசைவு மென்பொருள், இரண்டு கம்பனிகளுடையதும் அதில் இப்போது ஓடாது. 4 ஜிபி றாமும் சுழலும் வன்தட்டும் உள்ள கொம்பியூட்டரில் ஓடினாலும் ஆட்டுக்கல் இழுக்கும் வேகம்தான். புதிது வாங்க முடியாவிட்டால் எஸ்எஸ்டி எனப்படும் சுழலாத வேகமான தட்டு ஒன்று போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சோஹோ வேர்க்ட்ரைவ் தமிழ்நாட்டுக் கம்பனியுடையது, விலை இந்த இரண்டையும் விடக் குறைவு. மின்னஞ்சலுக்கும் சோஹோவையே பாவிக்கும் சிறு கந்தோருக்கு அது போதும். சொந்தமாக ஒரு வாடகைச் சேர்வரில், நாமே நடத்தும் கிளவுட் மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட் போடலாம் என்று யாராவது சொன்னால், அவரே அதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்வாரா என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் விட்டுவிடுங்கள்.

கந்தோருக்குள் பெட்டி, அதற்குக் கிளவுட் காப்பு

நில அளவையாளர், கட்டட ஒப்பந்தகாரர், ஸ்டூடியோ, அச்சகம். இவர்களின் கோப்புகள் பெரியவை, ஒரே கோப்பை நாளுக்கு இருபதுமுறை திறந்து மூடுவார்கள். இவர்களை முழுக் கிளவுட்டுக்குள் தள்ளுவது பிழை என்பதே எங்கள் அபிப்பிராயம். நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி ஒன்று கந்தோருக்குள், அதிலிருந்து ஒவ்வொரு இரவும் கிளவுட்டுக்குக் காப்புப் பிரதி. வேலை உள்ளே நடக்கும், லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தேவையானவை: சினோலொஜியோ கியூநாப்போ இரண்டு தட்டுப் பெட்டி ஒன்று, நாஸுக்கென்றே செய்த 4 டிபி வன்தட்டு இரண்டு, கிகாபிட் சுவிட்ச் ஒன்று, 650 விஏ யூபிஎஸ் ஒன்று. வன்தட்டு வாங்கும்போது சிஎம்ஆர் வகைதானா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் வகை சாதாரண நாளில் வேலை செய்யும். ஒரு தட்டுப் பழுதாகி மற்றதிலிருந்து மீளக் கட்டும்போது நாட்கணக்கில் இழுத்து, சிலவேளை இடையில் கைவிட்டுவிடும். சுவிட்சை விடவேண்டாம். பல 4ஜி ரவுட்டர்களின் லான் துளைகள் 100 எம்பிபிஎஸ்தான், விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் போகாது. கிகாபிட்டில் 110 எம்பி. முன்னே சொன்ன 3 ஜிபி ட்ரோன் படங்கள் அரை நிமிடத்தில் பெட்டிக்குள் போய்விடும்.

இரண்டு தட்டையும் ரெயிட் 1 முறையில் போட்டால் ஒன்றில் உள்ளது மற்றதிலும் இருக்கும். பாவிக்கக் கிடைப்பது 4 டிபி. இதைக் காப்பு என்று நம்பவேண்டாம். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். கிராக் செய்த மென்பொருளோடு வந்த ரான்சம்வெயர் (கோப்பைப் பூட்டிக் காசு கேட்கும் தீநிரல்) பூட்டினால் இரண்டையும் பூட்டும். மின்னல் அடித்தால் இரண்டும் போகும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளம் போல ஒன்று வந்தால், தரையில் வைத்த பெட்டிக்குள் எத்தனை தட்டு இருந்தாலும் ஒன்றுதான். பெட்டியை நெஞ்சளவு உயரத்தில், காற்று போகும் அலமாரியில் வையுங்கள். சோளகக் காலத்துப் புழுதி விசிறியில் படிந்தால் சூடேறும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும்.

யூபிஎஸ்ஸை மின்சாரத்துக்கு மட்டும் தொடுக்காமல் யூஎஸ்பி கம்பியால் பெட்டியோடும் தொடுக்கவேண்டும். அப்போதுதான் பற்றரி இறங்குமுன் பெட்டி தானாக ஒழுங்காக நிற்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றால் கோப்பு முறைமை குழம்பும். இந்த வெக்கையில் யூபிஎஸ் பற்றரிக்கு ஆயுள் இரண்டு, மூன்று வருடம்தான், வாங்கிய திகதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ரவுட்டருக்கும் பைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சின்ன டிசி யூபிஎஸ் தனியாகப் போட்டால், கரண்ட் நின்றபின்னும் சில மணித்தியாலம் லைன் இருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் டவரின் பற்றரியும் தாங்காது. உள்ளே இருக்கும் பெட்டியும் ஒரு சிறு ஜெனரேற்றரும் இருந்தால் வேலை நடக்கும்.

கிளவுட் பக்கத்துக்கு இங்கே கூகிள் டிரைவ் தேவையில்லை. பாக்பிளேஸ் பி2 போன்ற வெறும் சேமிப்புச் சேவைக்கு ஒரு டிபிக்கு மாதம் 6, 7 டொலர்தான், ஆள்கணக்கு இல்லை. பெட்டியோடு வரும் காப்பு மென்பொருளில் மூன்று விடயத்தைச் சரியாகப் போடுங்கள். நேரம், இரவு டேட்டா தொடங்கும் நேரத்திலிருந்து விடியும்வரை. பதிப்புகள், குறைந்தது 30 நாள். மறைகுறியாக்கம், கந்தோரை விட்டு வெளியேறுமுன்னே பூட்டப்படவேண்டும். அந்தப் பூட்டின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உரிமையாளர் வீட்டில் வையுங்கள். பெட்டிக்குள்ளேயே அதைச் சேமித்துவிட்டு, பெட்டி எரிந்ததும் தேடினால் கிளவுட்டில் கிடப்பது வெறும் குப்பை. அந்தச் சேவைகள் சிலவற்றில், குறித்த நாள்வரை யாரும், நீங்களே கூட, அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி உண்டு. அதை 30 நாளுக்குப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவேண்டாம்: வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வெயர் அப்படித் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பூட்டியது. வெளியிலிருந்து பார்க்கவேண்டுமென்றால் விபிஎன் எனப்படும் பூட்டிய தனிப்பாதை வழியாக மட்டும்.

இப்போது இருக்கிற மாதிரியே விட்டால்?

அப்படி விடுவதும் ஒரு தெரிவுதான். மாதம் 6 டொலரும் கட்டமுடியாத இடங்கள் இருக்கின்றன. அங்கே 2 டிபி வெளி வன்தட்டு இரண்டு வாங்கி, வாரம் மாறி வாரம் காப்பு எடுத்து, ஒன்று எப்போதும் வேறு வீட்டில் இருக்கும்படி பார்த்தால், கிளவுட்டை அரைகுறையாகப் போட்ட கந்தோரை விட அது பாதுகாப்பு. இரண்டு தட்டும் ஒரே லாச்சிக்குள் கிடந்தால் பிரயோசனமில்லை.

பாமினி, நீண்ட பெயர், இன்னும் சில தொல்லைகள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது. இங்கே பழைய கடிதங்களும் ஒப்பந்தங்களும் பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில் தட்டியவை. அவை உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இருக்கும் கொம்பியூட்டரில் மட்டும் தமிழாகத் தெரியும். கிளவுட்டில் பிரவுசர் வழியாகத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டம் வரும். தேடலில் ‘காணி உறுதி’ என்று தட்டினால் ஒன்றும் அகப்படாது. எல்லாவற்றையும் யுனிகோடுக்கு, அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் குறிமுறைக்கு, மாற்ற ஆள்நேரம் பத்தாது. மாதிரிக் கடிதங்களையும் நடப்பு ஒப்பந்தங்களையும் மட்டும் மாற்றுங்கள். பழையவற்றை எழுத்துரு உள்ளே பதியும்படி பிடிஎஃப் ஆக்கி, கோப்பின் பெயரை யுனிகோடில் வைத்துவிட்டால் பெயரால் தேடலாம்.

யுனிகோட் பெயரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ‘புதுக்குடியிருப்பு’ கண்ணுக்கு 9 எழுத்து, கொம்பியூட்டருக்கு 18. மைக்ரோசொஃப்டில் கோப்புறை, உட்கோப்புறை, பெயர் எல்லாம் சேர்ந்து 400 இடத்துக்குள் அடங்கவேண்டும். விண்டோஸின் பழைய எல்லை 260, எக்செல் 218. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு, வாடிக்கையாளர் பெயர் என்று அடுக்கடுக்காகத் தமிழில் கோப்புறை போட்டவர்கள் இந்த எல்லையைச் சுலபமாகத் தொடுவார்கள். தொட்டதும் அந்தக் கோப்பு மட்டும் ஏறாமல் நிற்கும். மாற்றுவதற்கு முன்னரே மேல்மட்டக் கோப்புறைகளைச் சுருக்குங்கள்: கிளி, முல்லை, மன், வவு போதும். ‘கிளிநொச்சி’யில் உள்ள ‘நொ’வை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்று, சில மென்பொருள்களுக்கு இரண்டு வேறு பெயர். ஒரே பெயரில் இரண்டு கோப்புறை தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி, சாய்கோடு இருந்தாலும் மைக்ரோசொஃப்ட் ஏற்காது.

ஒத்திசைவுக் கோப்புறைக்குள் போடவே கூடாதவையும் உண்டு: குவிக்புக்ஸ், டாலி போன்ற கணக்கு மென்பொருள்களின் தரவுக் கோப்புகள், அக்சஸ் தரவுக் கோப்புகள், அவுட்லுக்கின் மின்னஞ்சல் கோப்பான பிஎஸ்டி. திறந்திருக்கும்போதே அவை ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். ஒத்திசைவு இடையில் புகுந்து பாதியைத் தூக்கிக்கொண்டு போனால் தரவு கெடும். மென்பொருள் தரும் காப்புக் கோப்பை மட்டும் மேலே அனுப்புங்கள். ஓட்டோகாட் வரைபடங்களிலும் கவனம். ஒருவர் திறந்திருக்கிறார் என்ற பூட்டு அடையாளம் கிளவுட் வழியாக மற்றவருக்குப் போய்ச் சேரும்போது பிந்திவிடும். இரண்டு பேரும் திருத்திச் சேமித்துவிட்டு, கொம்பியூட்டர் பெயரோடு இரண்டாவது பிரதி ஒன்று முளைத்திருப்பதைப் பார்த்து முழிப்பார்கள். நாஸ் பெட்டியில் இந்தப் பூட்டு உடனே வேலை செய்யும்.

காசும் பெயரும்

கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ரூபா அளவுக்குப் போனது. கிளவுட் கம்பனி விலையைக் கூட்டாமலே மாதச் செலவு ஏறக்குறைய 80 வீதம் ஏறியது. 2025 பட்டியல் விலையில், டொலர் 300 ரூபா என்று கணக்குப் பார்த்தால் எட்டுப் பேருக்கு மைக்ரோசொஃப்ட் பேசிக் மாதம் 14,400 ரூபா, எட்டுப் பேருக்குக் கூகிள் ஸ்டாண்டர்ட் 33,600 ரூபா. திட்டமிடும்போது அதன் மேல் 25 வீதம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மீள்விற்பனையாளரிடம் ரூபாவில் பில் எடுத்தால் சற்றுக் கூட, ஆனால் கணக்கில் காட்ட இலகு. கார்ட் காலாவதியாகி ஒரு காலையில் எல்லாம் நின்றுபோகும் தொல்லையும் இல்லை. மைக்ரோசொஃப்டில் கட்டணம் தவறினால் வழமையாக 30 நாள் தவணை, பிறகு 90 நாள் முடக்கம், பிறகு அழிப்பு.

கணக்கு யாருடைய பெயரில் என்பது காசை விட முக்கியம். கொம்பியூட்டர் திருத்தும் பெடியனின் ஜிமெயிலிலோ, நாளை கனடாவுக்குப் போகப்போகிற எழுதுவினைஞரின் ஜிமெயிலிலோ நிறுவனத்தின் கோப்புகளை வைக்கவேண்டாம். நிறுவனத்தின் சொந்த டொமெயின் (இணையப் பெயர்), நிர்வாகி இரண்டு பேர், இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு, மீட்புக் குறியீடுகள் தாளில் அச்சடித்துப் பூட்டிய இடத்தில். நிர்வாகி ஒருவரின் போன் தொலைந்தால் மற்றவர் திறந்துவிடலாம்.

அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி, சம்பள விபரம் வைத்திருப்பவர்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்கவேண்டும். அரச திணைக்களத்துக்கு வேலை செய்து கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் தரவை நாட்டுக்கு வெளியே வைப்பது பற்றி வாசகம் இருக்கிறதா என்று முதலே பார்ப்பது நல்லது. ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று பகிர்ந்த காணி உறுதி வட்ஸ்அப்பில் எங்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்லமுடியாது. பெயர் குறித்து, திகதி எல்லையோடு பகிருங்கள்.

மாற்றும் வேலை

முதல் வாரம் துப்புரவு மட்டும். ‘புதிய கோப்புறை 3’, ‘இறுதி இறுதி’, போனில் இருந்து இறக்கிய கலியாணப் படங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கினால் பல கந்தோர்களில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிறகு இரண்டாகப் பிரியுங்கள்: கடந்த இரண்டு வருடம் நடப்பு, அதற்கு முந்தியது களஞ்சியம். நடப்பு மட்டும் ஒத்திசைவுக்குள். களஞ்சியத்தை வருடவாரியாக சிப் செய்து, அதாவது ஒரே கோப்பாகச் சுருக்கி, ஏற்றினால் எண்ணிக்கை குறையும், வேகம் கூடும். உள்ளே தேடமுடியாது என்பது அதன் விலை. ஆகவே சிப் ஒவ்வொன்றுக்கும் உள்ளடக்கப் பட்டியல் ஒன்றை எக்செலில் வையுங்கள்.

பிரவுசரில் இழுத்துப் போடுவது சின்ன வேலைக்குத்தான். கரண்ட் நின்றால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று தெரியாது. ஷெயார்பொயின்டில் கோப்பின் பழைய திகதியும் போய், ஏற்றிய திகதி வந்துவிடும். ஆர்குளோன் என்ற இலவசக் கருவி விட்ட இடத்திலிருந்து தொடரும், பகலில் வேகத்தைக் குறைத்து இரவில் முழுதாக விடும்படி நேரஅட்டவணை போடலாம், கடைசியில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பட்டியலிடும். கட்டளை வரியில் வேலை செய்யவேண்டும் என்பதால் தெரிந்த ஒருவரை அரை நாள் பிடியுங்கள். அளவு மிகப் பெரிதாகவும் இணைப்பு மெதுவாகவும் இருந்தால் வன்தட்டைப் பிரதி எடுத்து, நல்ல பைபர் உள்ள வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு வாரம் இருந்து ஏற்றிவிட்டு வருவது வெட்கப்படவேண்டிய வழியல்ல.

ஒரே ஒரு பிரிவை, உதாரணமாகச் சம்பளப் பட்டியலை அல்லாமல் கொள்முதல் கோப்புறையை, இரண்டு வாரம் முன்னோட்டமாக ஓட்டுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை பிற்பகல் பழைய பகிர்வை வாசிக்க மட்டும் என்று மாற்றி, அந்த இடைவெளியில் மாறிய கோப்புகளை மட்டும் கடைசியாக ஏற்றி, எண்ணிக்கையைத் துப்புரவுக்குப் பின் பழைய பகிர்வில் உள்ள நடப்புக் கோப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, திங்கட்கிழமை புதிய இடத்தில் தொடங்குங்கள். பழைய வன்தட்டைக் கழற்றி, திகதி எழுதி, 90 நாள் தொடாமல் வையுங்கள்.

கிளவுட்டுக்குப் போனாலும் காப்பு வேண்டும். ஒத்திசைவு அழிப்பையும் ஒத்திசைக்கும். கூகிளில் பகிர்ந்த டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள், ஷெயார்பொயின்டில் 93 நாள். அதற்குப் பிறகு கண்டுபிடித்தால் பிந்திவிட்டது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட் ரான்சம்வெயரால் தாக்கப்பட்டு ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுக்குக் காப்பு இருக்கவில்லை. முழுக் கிளவுட் கந்தோருக்கு மாதம் ஒருமுறை ஒரு வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுத்து, கழற்றி, வேறு இடத்தில் வைப்பது போதும். பெட்டி வைத்திருப்பவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை கிளவுட் காப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்புறையை, 5 ஜிபி அளவில், வேறு கொம்பியூட்டர் ஒன்றில் மீட்டுத் திறந்து பார்க்கவேண்டும். எடுத்த நேரத்தையும் குறியுங்கள்: 5 ஜிபிக்கு அரை மணித்தியாலம் என்றால் 1 டிபிக்கு நாலு நாளுக்கு மேல். அவ்வளவு நாள் கந்தோர் நிற்கமுடியாது என்றால், கடைசி ஆறு மாதக் கோப்புகளின் பிரதி ஒன்றை வெளி வன்தட்டிலும் வைத்திருங்கள்.